நத்தை மாமாவின் இடது பக்கம்

அந்த அரசுப் பள்ளியின் பேருந்தை ஓட்டுகிறவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நத்தை மாமா. சைக்கிளில் போகிறவன்கூட மணியடித்துக்கொண்டு முந்திப் போவான், இவர் அசைந்து கொடுக்க மாட்டார். யார் கிண்டல் செய்தாலும், நத்தை எங்கேயாவது மோதிப் பார்த்திருக்கிறாயா என்று திருப்பிக் கேட்பார். பேருந்தை எடுத்த நாளிலிருந்து எந்தப் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குத் தலைகொள்ளாமல் இருந்தது. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த பெருமைதானே.

ஒரு வருஷமாகக் கழுத்து வலி மட்டும் படுத்தி எடுத்தது. மனைவி தினமும் தைலம் தேய்த்துவிடுவாள், தேய்த்துக்கொண்டே குறையும் சொல்வாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, கட்டின பெண்டாட்டி அவ்வளவு கசந்துபோய்விட்டாளா என்பாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று இருவருமே யோசித்ததில்லை.

அந்தப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்பும் வருஷத்துக்கு ஒருமுறை, படிக்கிற பாடத்தை வைத்தே அக்கம்பக்கத்துக்கு உதவுகிற மாதிரி ஒரு வேலை செய்ய வேண்டும். சேவைத் திட்டம் என்று பெயர். நத்தை மாமாவுக்கு அதில் துளி நம்பிக்கையும் கிடையாது. ஒரு வருஷம் மரக்கன்று நட்டார்கள், ஆடுகளுக்குத்தான் சேவை நடந்தது. மறு வருஷம் நிறுத்தங்களில் பெஞ்சுக்கு வண்ணம் அடித்தார்கள், காய்வதற்குள் இவர் போய் உட்கார்ந்துவிட்டார். பாடத்தைப் படியுங்கள், ஊரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அன்றிலிருந்து சொல்லிவந்தார். இவர் ஊரைப் பார்த்துக்கொண்ட லட்சணம் தெரிய வந்தது ஒன்பதாம் வகுப்பின் முறை வந்தபோதுதான்.

அறிவியலில் கண்ணைப் பற்றிப் பாடம் வந்ததும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் பார்வை சோதிக்கப் பழகிக்கொண்டார்கள். நூலக அறையின் சுவரில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அதில் சீப்பு போல மூன்று பல்லுள்ள கறுப்பு அடையாளங்கள், மேலே பெரியவை, கீழே போகப் போகச் சின்னவை. பல் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது என்று சொன்னால் போதும். முதல் நாள் பள்ளியில் வேலை செய்கிறவர்களுக்கு, மறுநாள் தெருக்காரர்களுக்கு என்று ஏற்பாடு.

சமையல்காரம்மா, தோட்டக்காரர், காவலாளி எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நத்தை மாமா கடைசி. நிற்கிற நேரத்தில் ஒவ்வொருவரையும் சீண்டிக்கொண்டிருந்தார். சமையல்காரம்மாவுக்கு உப்பு தெரிகிறதா என்று சோதிக்கச் சொன்னார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக "வலது, மேலே, மேலே, இடது, கீழே" என்று ஒப்பித்ததும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இவருக்குச் சோதனை செய்தவள் கடைசி நிறுத்தத்தில் இறங்குகிற பெண். முதலில் இடது கண்ணை ஓர் அட்டைத் துண்டால் மறைக்கச் சொன்னாள். அடிவரிசை வரைக்கும் மளமளவென்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள். பிறகு அட்டைத் துண்டை வலது கண்ணுக்கு மாற்றச் சொன்னாள்.

மாற்றினார். அறையே காணோம்.

சுவர் இல்லை, பெண் இல்லை, புத்தக அலமாரி இல்லை. ஓரத்தில் அழுக்கான ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இது எப்போது போயிற்று, எப்படிப் போயிற்று என்று மனசு தட்டுத் தடுமாறுவதற்குள் வாய் முந்திக்கொண்டது. "வலது, மேலே, மேலே, இடது, கீழே" என்று காதில் விழுந்ததை அப்படியே கக்கிவிட்டது.



"மாமா, சுவத்துல இருக்கிற அட்டையை இப்பத்தான் மாத்தினேன்," என்றாள் அந்தப் பெண். "கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடும், அப்பப்ப மாத்தணும்னு டீச்சர் சொல்லியிருந்தாங்க. நீங்க சொன்னது பழசு."

நத்தை மாமா வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, எத்தனை விரல் என்று மெல்லக் கேட்டாள். அங்கே ஒரு கை நீட்டியிருக்கிறது என்பதே அவருக்கு அப்போதுதான் தெரியும். அட்டைத் துண்டை இறக்கிப் பார்த்தால் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் மாமா," என்று கிசுகிசுத்தாள்.

அவர் தலையாட்டினார். ஆமாம், தலையாட்டினார். ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடித்துப் பழகாத கை, இந்த வயசில் யார் வேலை கொடுப்பார்கள் என்கிற பயம் அந்தத் தலையைப் பிடித்து ஆட்டிவிட்டது. ஒரு சின்னப் பெண்ணைப் பொய் சொல்ல விட்டுவிட்டு வெளியே வந்தார்.

பள்ளி விடுகிற மணி அடித்தது. பேருந்தில் ஏறி உட்கார்ந்தார், வண்டியைக் கிளப்பினார். மெதுவாகத்தானே ஓட்டுகிறோம், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். கதவு இடது பக்கம். பிள்ளைகள் ஏறத் தொடங்கினார்கள். எதற்கென்று தெரியவில்லை, உள்ளங்கையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

"வணக்கம் மாமா" என்று ஒரு குரல். ஆளில்லை. மறுபடி ஒரு வணக்கம், செருப்புச் சத்தம், பை உரசுகிற சத்தம், யாரோ யாரையோ தள்ளுகிற சிரிப்பு. ஒரு பிள்ளையும் இல்லை. தன் கழுத்து ஏன் வலித்தது என்று அப்போது புரிந்தது. இடது கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து முழுசாகத் திரும்பிக்கொண்டிருந்திருக்கிறது. திரும்ப மறந்த நேரமெல்லாம் அந்தப் பக்கத்தில் யார் நின்றார்களோ.

யார் நின்றது என்று உடனே தெரிந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்னால், சந்தை நிறுத்தத்தில் வண்டியை எடுக்கும்போது யாரோ பக்கவாட்டில் தடதடவென்று தட்டினார்கள். இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி, இறங்கிய முதல் வகுப்புப் பையன் குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தான். கூட்டிப்போக வந்திருந்த அம்மாவைத் தெருவே பார்க்கத் திட்டித் தீர்த்தார். பிள்ளையைப் பிடித்துக்கொள்ளத் துப்பில்லையா என்றார். அவள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

இஞ்சினை அணைத்துவிட்டு நேரே தலைமை ஆசிரியையிடம் போனார். இடது கண்ணில் பார்வையே இல்லை என்று சொன்னார். அந்த அம்மாளுக்கும் அதிர்ச்சிதான், ஆனால் பேருந்தில் காத்திருக்கும் பிள்ளைகள்தான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

"வேற டிரைவருக்கு இப்ப எங்க போறது? இன்னைக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிடுங்க அண்ணே. இத்தனை நாள் ஓட்டலயா?"

தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே சமாதானம் இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அது எவ்வளவு பயங்கரம் என்று அவருக்கு உறைத்தது.

"மேடம், பிள்ளைங்க இறங்குறது எனக்குத் தெரியாத பக்கத்துல," என்று சாவியை மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடத் தொடங்கினார்.

பெற்றவர்கள் அரக்கப்பரக்க வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் வாசலில் ஒரே கூச்சல். இவ்வளவு நாளும் தெரிந்தேதான் ஓட்டியிருக்கிறான், கண் போனது ஒருத்தனுக்குத் தெரியாமலா இருக்கும் என்றார் ஒரு தகப்பன். அந்தக் கடைசி நிறுத்தத்துப் பெண்தான் முன்னால் வந்தாள். அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும், மறைக்கிறேன் என்று சொன்னது நான், அவரே போய்ச் சொல்லிவிட்டார் என்று அழுதுகொண்டே சொன்னாள். சிலர் நம்பினார்கள், சிலர் நம்பவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

இடது முழங்கையை யாரோ தொட்டார்கள். தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, அந்தச் சந்தை நிறுத்தத்து அம்மா, கையில் பையனோடு.

"அன்னைக்குத் தப்பு என்மேலதான் தாயி," என்றார். "உங்க பையன் நின்னது எனக்குத் தெரியல. அது தெரியாம உங்களைப் பேசிட்டேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பார். அவள் பையனைத்தான் குனிந்து பார்த்தாள். அவன் இவரைப் பார்த்து வழக்கம்போல வணக்கம் சொன்னான்.

"நீங்க பேசுனதைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போய் இவனை அடிச்சேன்," என்றாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா, மாமாதான் பாக்கலன்னு அழுதான். பொய் சொல்றியான்னு கேட்டு அதுக்கும் சேத்து அடிச்சேன். இப்ப இவன்கிட்ட நான் என்ன சொல்றது?"