லோடு வண்டி எங்கே நிற்கும்?

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஓர் அரியர் பாக்கி இருந்தது. பி.எஸ்ஸி. கணிதத்தில் எல்லாப் பேப்பரும் முடித்தேன், அல்லைடு பிசிக்ஸ் மட்டும் பிடி கொடுக்கவில்லை. எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறேன். போன வருஷம் அங்கே சூப்பர்வைசர் இடம் காலியானது. டிகிரி இல்லாமல் தர மாட்டோம் என்றார்கள். நல்ல வேளையாக, பழைய அரியர்காரர்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று யுனிவர்சிட்டியும் அப்போதுதான் அறிவித்தது. இதை விட்டால் டிகிரியும் போச்சு, சூப்பர்வைசர் வேலையும் போச்சு.

பரணிலிருந்து புத்தகத்தை இறக்கினேன். அட்டை போய்விட்டிருந்தது. கடைசிப் பக்கங்களில் கணக்குகளுக்கு விடை உண்டு, ஆனால் வெறும் எண்கள். பத்து மீட்டர் என்று போட்டிருப்பான். அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று மூச்சு விட மாட்டான். எனக்கு வழிமுறை வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், புரிந்துகொள்ள இல்லை, மனப்பாடம் செய்ய. கணக்கையே நெட்டுருப் போட்டு பாஸ் செய்த கூட்டம் நாங்கள்.

இன்டர்நெட்டில் புத்தகத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். நான்கு நாள் கண்ட கண்ட பக்கமெல்லாம் திறந்து பார்த்த பிறகு, யாரோ ஒரு புண்ணியவான் எல்லாக் கணக்கையும் கையால் போட்டு ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தது கிடைத்தது. என்ன அழகான கையெழுத்து! உட்கார்ந்து நாற்பது கணக்கை நோட்டில் காப்பி எடுத்தேன்.

நாற்பத்தொன்றில்தான் விழித்தேன். கேள்வி லிஃப்டில் ஏறும் ஆளைப் பற்றியது, விடையில் ஒரு ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தது. முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தால் ஏழாவதிலிருந்தே அப்படித்தான். அவர் போட்டது வேறு பதிப்புக்கு. கேள்விகளின் வரிசையே மாறியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோட்டைத் தூக்கிக் கட்டிலில் அடித்துவிட்டுப் போய் மீன் கழுவினேன்.

வேறு வழியில்லை. ஒவ்வொரு விடையையும் படித்து, இது எந்தக் கேள்விக்கு என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. இதில் ஏன் வேகத்தை வர்க்கம் எடுத்தார், இங்கே கயிறு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கேட்டு, விடைக்குக் கேள்வி தேடும் அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. யார்டுக்குப் போகும் பஸ்ஸிலும் அதே யோசனைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்து காலடிப்பேட்டை வீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறார். ஹார்பர் வரிசையில் இரண்டு நாள் கிடந்துவிட்டு அன்றைக்குத்தான் வந்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது, லாரி படம் போட்டுக்கீது?"

லோடு ஏற்றிய லாரியும் காலி லாரியும் ஒரே வேகத்தில் வந்து பிரேக் அடித்தால் எது முன்னால் நிற்கும் என்பது கேள்வி. இரண்டும் ஒரே தூரத்தில் நிற்கும் என்பது விடை. படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத எழுதுனவன் ஸ்டியரிங் புடிச்சிக்கீறானா? லோடு தள்ளிக்கினு போவும்மே. எம்டி வண்டி மாதிரி நிக்குமா?"

"யோவ், வெயிட்டு ஜாஸ்தியானா தள்றதும் ஜாஸ்தி, ரோடு புடிக்கிறதும் ஜாஸ்தி. ரெண்டும் சரியாப் பூடும்."

"கத வுடாத."

எனக்கும் வீம்பு. ஒரே மாதிரி இரண்டு டிபன் டப்பா எடுத்தேன். ஒன்றில் அரிசி நிரப்பினேன், ஒன்று காலி. அலமாரிப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினேன். அரிசி டப்பாதான் முதலில் வழுக்கும் என்று அடித்துச் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பின. ஐந்து தடவை செய்தோம். அவரே டப்பாக்களை இடம் மாற்றி வைத்தும் பார்த்தார். கடைசியில் பலகையைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார்.

"அப்போ என் வண்டி ஏன் நிக்க மாட்டேங்குது?"

புண்ணியவானின் பக்கத்தை மூன்று தடவை படித்தும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை. பிறகு புத்தகத்தைப் புரட்டினேன். கேள்வியின் கடைசியில், விடையில் எழுதப்படாத ஒரு வரி இருந்தது: சக்கரங்கள் உருளாமல் வழுக்குகின்றன எனக் கொள்க.

"வீல் ஜாம் ஆயி இழுத்துக்கினு போனா மட்டுந்தான் இந்தக் கணக்கு," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அத சொல்லு! லோடுல எங்க ஜாம் ஆவுது, உருண்டுகினேல்ல போவும். எம்டிதான் டக்குனு ஜாம் ஆயி வால வீசும்."

இரண்டு பேரும் சொன்னது சரிதான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றிலிருந்து நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மேலே, இது எதை நம்பி நிற்கிறது என்று ஒரு வரி எழுத ஆரம்பித்தேன்.

பரீட்சையில் நான் நோட்டில் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்றுகூட வரவில்லை. ஒரு கேள்வி, தரையில் தள்ளிவிட்ட பெட்டி எவ்வளவு தூரம் வழுக்கிப் போய் நிற்கும் என்பது. வேகம் இருந்தது, உராய்வு எண் இருந்தது, நிறை இல்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்து, "மேடம், மாஸ் குடுக்கல," என்றார். கேள்வியில் உள்ளதுதான் என்றார் ஹாலைக் கண்காணித்த அம்மா. இதற்குப் பதினைந்து மார்க். விட்டால் தேற மாட்டேன். பேனாவை மூடி மறுபடி திறந்தேன். நிறை m எனக் கொள்க என்று எழுதினேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி. மூன்றாவது வரியில் இரண்டு பக்கமும் m நின்றது. இரண்டையும் அடித்தேன்.

ரிசல்ட் வந்த அன்று யார்டில் இருந்தேன். பாஸுக்கு நாற்பது, எனக்கு நாற்பத்தாறு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். வழக்கம்போல வரிசையில் நின்றிருந்தார். பாஸ் ஆகிவிட்டேன் என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்.

"இன்னா கணக்கு வந்துச்சி?"

பெட்டிக் கணக்கைச் சொன்னேன்.

"வெயிட்டு எவ்ளோன்னு போட்டுருந்தான்?"

"போடவே இல்ல."

"வெயிட்டே சொல்லாம எப்டிமே போட்ட?"

"தேவையில்லன்னு எனக்கே தெரிஞ்சுதுய்யா," என்றேன். கேட்டில் நின்ற வண்டிக்காரர்கள் எல்லாரும் பார்க்க அழுதேன்.