கழற்றச் சொன்ன வளையல்

டிப்ளமோ முடித்த கையோடு புனேயின் போசரி தொழிற்பேட்டையில் மழைக்கோட்டு தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். பிளாஸ்டிக் தாள்களை ரேடியோ அலையால் சூடாக்கி ஒட்டும் மெஷின் அங்கே உண்டு. அலை வெளியே கசியாமலிருக்க அதற்கு ஒரு தகரத் தடுப்பு. தாளை உள்ளே வைக்க அது இடைஞ்சல் என்று, உற்பத்தியைக் கூட்டிக் காட்டும் ஆசையில் நானே கழற்றிவிட்டேன்.

அந்த மெஷினில் உட்காருபவர் சேலத்துச் செல்வி அக்கா. மறுநாளே, "வளையல் சுடுது தம்பி" என்றார்.

"கவரிங் கடையையே மாட்டிட்டு வந்தா சுடாதாக்கா? கழட்டி வைங்க" என்று சிரித்தேன்.

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்" என்று கழற்றிவிட்டார். சூப்பர்வைசரிடம் மராத்தியில் போராடுவதைவிட என்னை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டு மாதத்தில், "தோசைக்கல்லைத் தொட்டாலும் சூடு தெரியல தம்பி" என்று விரல்களை நீட்டினார். கொப்புளம் இருந்தது, வலி இல்லை. வளையலைச் சுட்டதும், விரல் நரம்பைக் கெடுத்ததும் கசிந்த அலைதான் என்று அப்போதுதான் புரிந்தது. அலை கசிவதை எங்களுக்குச் சொன்னது அந்த வளையல் மட்டும்தான். அதைத்தான் நான் கழற்றச் சொல்லியிருக்கிறேன்! தடுப்பை அன்றே மாட்டினேன். ஆனால் அவர் விரல்களுக்கு உணர்ச்சி இன்றுவரை முழுதாகத் திரும்பவில்லை.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். வேலை செய்பவர் யாராவது உடம்புக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றால், முதலில் மெஷினை நிறுத்துகிறேன். காரணம் கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.