தகரத்தின் அடி

எனக்குக் கோபம் மூக்கின் நுனியில் இருக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஒன்பது நாளும் நான் கத்தித் தீர்த்ததெல்லாம் தப்பான ஆளிடம்.

கம்பத்தில் எங்களுக்கு ஏலக்காய், மிளகு, கிராம்பு வியாபாரம். முன்னால் கடை, முற்றம் தாண்டினால் குடோன். கொள்முதல், பில், இருப்பு எல்லாம் கடைக் கணினியில் உள்ள மென்பொருளில். ஆன்லைன் சந்தை ஒன்றிலும் எங்களுக்கு ஒரு பக்கம் உண்டு. முதலில் இரண்டும் தனித்தனியாகக் கிடந்தன. அங்கே ஆர்டர் வந்தால் நான் பார்த்து எழுதி, இங்கே பில் போட்டு, மறுபடி அங்கே போய் இருப்பைக் குறைக்க வேண்டும். கை ஓய்ந்துவிடும். வீட்டுக்காரரோடு மல்லுக்கட்டி, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றைப் பிடித்து இரண்டையும் இணைக்க வைத்தது நான்தான். அதன்பிறகு கடையில் கால் கிலோ விற்றாலும் ஆன்லைனில் தானாகக் குறைந்தது. அங்கே ஆர்டர் விழுந்தால் குடோன் பிரிண்டரில் சீட்டு வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆன்லைன் பொட்டலங்களைக் கட்டவென்றே நான்கு பெண்களை வேலைக்கு வைத்திருந்தோம். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். அதற்கு முன்பு நால்வரும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து, மெட்டு மலைப்பாதை ஏறி, கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போய் வந்தவர்கள். மழையில், அட்டைக்கடியில் ஏலப்பழம் எடுத்த கைகள். "இங்கன ஒக்காந்து வேல பாக்குறது சொர்க்கம் தாயி" என்று அக்கா அடிக்கடி சொல்வார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு சீட்டு முனை மடிந்து திரும்பி வந்தது. முனையை மடித்து அனுப்பினால் சரக்கு இல்லை என்று அர்த்தம். குடோனுக்குள் நின்று இல்லை என்ற சொல்லை அக்கா வாயால் சொல்ல மாட்டார். கணினியைப் பார்த்தேன், இரண்டு கிலோ இருப்பு என்றது. வேறு வழியில்லாமல் ஆர்டரை ரத்து செய்தேன். நான்கு நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. கோயம்புத்தூருக்குப் போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்க மென்பொருள் பொய் சொல்லுதும்மா! இல்லாத சரக்க இருக்குன்னு சொல்லுது!" எதிர்முனையில் பேசிய பெண் பொறுமைசாலி. கணக்கெல்லாம் சரியாக இருக்கிறது மேடம் என்று ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னாள். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது ரத்துக்குப் பிறகு ஆன்லைன் சந்தைக்காரர்களிடமிருந்து எச்சரிக்கை வந்தது. இந்த மாதத்தில் இன்னும் ஒரு ஆர்டரை ரத்து செய்தால் எங்கள் பக்கம் மூடப்படும். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "நோட்டுல எழுதுனப்ப இந்த வம்பு உண்டா?" என்றார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன், அதை இங்கே எழுத முடியாது. பக்கம் போனால் நான்கு பேருக்கும் வேலை போகும். விஷயம் குடோனுக்கும் எட்டிவிட்டது. அன்று சாயங்காலம் அக்கா ஜீப்காரரை நிறுத்தி, "அடுத்த மாசத்துக்கு ஜீப்புல நாலு சீட்டுப் புடிச்சு வச்சுக்கய்யா" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் இரண்டு மணிக்கு, அரைக் கிலோ எட்டு எம்.எம். பருமன் ரக ஏலக்காய்க்குச் சீட்டு விழுந்தது. கணினியில் இருப்பு இரண்டு கிலோ. பத்து நிமிஷத்தில் முனை மடிந்து திரும்பி வந்துவிட்டது. கூரியர் வண்டி நான்கு மணிக்கு வரும். செருப்பைக்கூட மாட்டாமல் முற்றத்தைத் தாண்டி ஓடினேன். போய், அந்த ரகத்தைப் போட்டு வைக்கும் தகர டின்னின் மூடியைத் திறந்தால், உள்ளே பச்சைப் பசேலென்று ஏலக்காய். அள்ளித் தராசில் போட்டேன். சுளையாக இரண்டு கிலோ.

"ஏக்கா! இந்தா இருக்குல்ல!"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார். "அது அடி தாயி. அடியில கை வைக்கலாமா? தகரத்தத் தொடச்சு எடுத்தா லச்சுமி தங்குவாளா?"

கத்தத்தான் வாயெடுத்தேன், ஆனால் எப்படிக் கத்துவது? என் வீட்டு அரிசிப் பானையை நான் என்றைக்காவது வழித்திருக்கிறேனா? ஒரு பிடி அடியில் கிடக்கும்போதே அடுத்த மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறவள்தானே நானும். கடைப்பையன்களிலிருந்து வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அது பழக்கம், அதனால் ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை. பாவம், மென்பொருள் மட்டும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

எதிர்க்கடைக்கு ஓடி அதே ரகத்தில் ஒரு கிலோ வாங்கி வந்தேன். எதிர்க்கடைக்காரர், "என்னம்மா, எங்கிட்டயே வாங்கி யாவாரமா?" என்று சிரித்தார். சிரிக்கட்டும். தராசில் இருந்த அடியைத் தகரத்தில் திருப்பிக் கொட்டி, அதன் மேல் இதையும் கொட்டி, மேலாக அரைக் கிலோ அள்ளினோம். வண்டி வருவதற்குக் கால் மணி நேரம் முன்பே பொட்டலம் தயார்.

அப்புறம் கோயம்புத்தூருக்குப் போன். முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். பிறகு அடியைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதுக்குன்னே ஒரு கட்டம் இருக்கே மேடம். ரிசர்வ் ஸ்டாக். அதுல போடுற அளவு ஆன்லைனுக்குப் போகவே போகாது. நீங்க எல்லாத்துலயும் பூஜ்யம்னு விட்டிருக்கீங்க." அட, மென்பொருள் எழுதியவனுக்கும் ஒரு தகரமும் அதற்கு ஒரு அடியும் இருந்திருக்க வேண்டும்! அக்காவைக் கடைக்குள் கூட்டி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் ஒவ்வொரு தகரத்துக்கும் அளவு சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஏலக்காய்க்கு இரண்டு கிலோ, மிளகுக்கு மூன்று, கிராம்புக்கு ஒன்று. பத்தொன்பது தகரம், அரை மணி நேர வேலை.

அந்த மாதக் கடைசியில் தீபாவளி விற்பனை. பிரிண்டர் மூச்சு விடாமல் சீட்டுத் துப்பியது. நான்கு பேரும் நானும், கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரரும் பொட்டலம் கட்டினோம். ஒரு சீட்டுக்கூட முனை மடிந்து திரும்பவில்லை. கடைசி நாள் எட்டு எம்.எம். பக்கத்தில் 'இருப்பு முடிந்தது' என்று தானாக வந்து நின்றது. எழுந்து போய்த் தகரத்தைத் திறந்தேன். அடி அப்படியே இருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று குடோனில் நின்று வாய்விட்டுக் கத்தினேன். மறுநாள் காலையில் எங்கள் பக்கத்திலிருந்து எச்சரிக்கையையும் எடுத்துவிட்டார்கள்.

சேதி கேட்டதும் அக்காவுக்கு ஒரே ஒரு சந்தேகம். "நம்ம அடியில எம்புட்டு இருக்குன்னு அந்தப் போன்ல பாத்து வாங்குறவுகளுக்குத் தெரியுமா தாயி?"

"தெரியாதுக்கா. நம்மளத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்படித்தான் இருக்கணும்" என்றார். அன்று சாயங்காலம் மெட்டிலிருந்து இறங்கிய ஜீப் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. அக்கா ஒட்டும் டேப்பைக் கையில் பிடித்தபடியே வாசலுக்குப் போனார்.

"அந்த நாலு சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துரு அய்யா. நாங்க வரல."