அறுவதற்கென்று ஒரு வளையம்

அண்ணியின் தாலிச் சங்கிலி முதன்முதலாக அறுந்தது ஆவடி ரயில் நிலையத்தில். கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. காலை நேரத்து மின்சார ரயிலில் முண்டியடித்து ஏறும்போது, முன்னால் போன பெண்ணின் கைப்பைக் கொக்கி சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அவள் உள்ளே போய்விட்டாள். அண்ணி இன்னும் படியில் நின்றாள். நடுவில் இருந்த சங்கிலி நூல்போல அறுந்தது. தாலியையும் சங்கிலியையும் இடது கைக்குள் இறுக்கிப் பிடித்தபடி அம்பத்தூர் வரை போய், மண்ணூர்பேட்டையில் அவள் வேலை பார்த்த கம்பெனியில் நாள் முழுவதும் அதைக் கைக்குட்டையில் முடிந்து ரவிக்கைக்குள் வைத்திருந்தாள். மாலையில் வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அம்மா சங்கிலியை ஒரு தரம் பார்த்துவிட்டு, உடனே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அண்ணன் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது.

நாங்கள் அப்போது ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் இருந்தார். நோயில் படுத்து அவர் போன பிறகு அண்ணனுக்கு அங்கே வேலை கிடைத்தது. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். இளம் வயதிலேயே தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்ற நேர்ந்தவள் அம்மா. அதனால் மருமகளின் தாலிச் சங்கிலி அறுந்தது என்பது அவளுக்கு வெறும் நகை சமாச்சாரமாக இருக்க முடியாது. மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்து அண்ணியின் கழுத்தில் கட்டிவிட்டு, வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அண்ணனின் சைக்கிள் மணி கேட்டதும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு, “இன்னிக்கு என்ன டிபன்?” என்று கேட்டபடி உள்ளே வந்தான்.

பழுது பார்த்த சங்கிலி மறுபடியும் அறுந்தது. தலை துவட்டும்போது துண்டின் நூலில் சிக்கி ஒரு தடவை. பிறந்த குழந்தை பிடித்து இழுத்து ஒரு தடவை. அறுந்த இடத்தில் பற்றவைத்துத் தருவார்கள்; சில மாதத்தில் அதற்குப் பக்கத்திலேயே விடும். ஒவ்வொரு தடவையும் அம்மா கடிகாரத்தைப் பார்ப்பாள். அண்ணி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு கையை மார்போடு அழுத்தியபடியே நடக்கப் பழகிக்கொண்டாள். அந்தக் குடியிருப்பின் சின்ன வீட்டில் யாருமே நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது என்கிற மாதிரி ஒரு பதற்றம் குடிகொண்டது. அண்ணன் மட்டும் ஒன்றும் ஆகாமல், கொஞ்சம் தொப்பையும் போட்டான்.

கடைசியில் அம்மாதான் எங்களைப் பூந்தமல்லிக்கு அழைத்துப் போனாள். அங்கே நகைக்கடை வைத்திருந்த பாயிடம் அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பழக்கம். பாய் சங்கிலியை உள்ளங்கையில் வைத்து ஒரு முறை குலுக்கினார். அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“இது பாக்கத்தாம்மா பட்டை. உள்ள வெறும் குழாய். மண்டபத்துல லைட்டு வெளிச்சத்துக்கு நல்லா இருக்கும். டெய்லி போட்டுகினு ரயில் ஏறுற பொண்ணுக்கு இது தாங்காது.”

பூதக்கண்ணாடியைக் கொடுத்து என்னைப் பார்க்கச் சொன்னார். வளையமும் வளையமும் உரசும் இடத்தில் தங்கம் தேய்ந்து, தகடு காகிதம்போல ஆகியிருந்தது. அதை எத்தனை தடவை பற்றவைத்தாலும் பக்கத்துத் தகடு வலுவிழந்துதான் இருக்கும் என்றார். உள்ளே கெட்டியான கம்பியாக இருந்தால் தேயவே வருடக்கணக்காகும். கம்பியின் தடிமன் இரண்டு மடங்கானால் அதை அறுக்கத் தேவைப்படும் பலம் இரண்டு மடங்கோடு நிற்காது, கிட்டத்தட்ட நாலு மடங்காகிவிடும் என்பதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். ஆனால் அது ஒரு கழுத்தைப் பற்றிய கணக்கு என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணி தன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அவற்றையும் உருக்கிச் சேர்த்து ஒரு சங்கிலி வந்தது. பகட்டாக இல்லை, பழைய சங்கிலியைவிட ஒல்லியாகக்கூடத் தெரிந்தது. கையில் வாங்கினால்தான் அதன் கனம் புரியும். அம்மா கடையிலேயே அதன் இரு முனைகளையும் பிடித்துச் சுண்டி இழுத்துப் பார்த்தாள். பாய் சிரித்தார். அதற்குப் பிறகு அது அறுந்ததே இல்லை. குழந்தை அதைப் பிடித்துத் தொங்கி வளர்ந்தாள். எனக்குக் கல்யாணமாகி வேப்பம்பட்டுக்குப் போனேன். அண்ணன் மேனாம்பேட்டில் வீடு கட்டிக் குடிபோனான். அம்மா கடிகாரம் பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

மேனாம்பேட்டுத் தெருவில்தான் அது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நன்றாக வெளிச்சம் இருந்தது. என்னை வழியனுப்ப அண்ணி பேருந்து நிறுத்தம் வரை கூட வந்தாள். நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஒரு பைக் பின்னாலிருந்து எங்களை உரசுகிற மாதிரி வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையை நீட்டி அண்ணியின் பிடரியில் இருந்த சங்கிலியை அள்ளினான். நான் அந்த நொடியில் ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன், சங்கிலி அறுகிற சத்தத்துக்காக. அது வரவில்லை. அண்ணிதான் போனாள். பைக் போன திசையில், முதலில் ஓடி, பிறகு விழுந்து, பிறகு தார்ச்சாலையில் தேய்ந்துகொண்டு. அவள் செருப்புகள் இரண்டும் என் காலடியில் கிடந்தன. சங்கிலி அவன் விரல்களிலும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், அவனும் கத்தினான். எப்படியோ கையை உருவிக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள். நான் கத்திக்கொண்டே ஓடினேன்.

எதிரில் வந்த ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்தார். “யக்கா, எழுந்துக்காத! அப்டியே படு! கழுத்த ஆட்டாத, இன்னா நான் சொல்றது கேக்குதா?” என்று மண்டியிட்டு அவள் தலையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அண்ணியால் பதில் சொல்ல முடியவில்லை. கண்கள் மட்டும் திறந்திருந்தன. கழுத்தில் சங்கிலி முழுசாக இருந்தது. தாலி முதுகுப்பக்கம் போயிருந்தது.

காறை எலும்பில் முறிவு. முழங்கையிலும் இடுப்பிலும் தோல் உரிந்திருந்தது. கழுத்தைச் சுற்றி, சங்கிலியின் ஒவ்வொரு வளையமும் தனித்தனியாகப் பதிந்த ஒரு காயம். சில வாரங்களுக்கு அவளால் கஞ்சி தவிர எதையும் விழுங்க முடியவில்லை, குரலும் எழும்பவில்லை. அம்மாதான் தினமும் காயத்தைத் துடைத்து மருந்து வைத்தாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நல்ல கெட்டிச் சங்கிலி, அதனால்தான் தாலி தப்பித்தது. எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்கள். சிலர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்தார்கள். அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்வை எனக்குப் பயமாக இருந்தது.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. தெருப்பக்கம் முதுகு காட்டி உட்கார மாட்டாள். சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னலண்டை போய் நிற்பாள். குழந்தை பின்னாலிருந்து கட்டிப்பிடித்தால் உதறிவிட்டு, பிறகு அதற்காகத் தனியே போய் அழுவாள். நான் வேப்பம்பட்டிலிருந்து வாரம் தவறாமல் வந்தேன். அப்படி வந்த ஒரு நாளில்தான், கரகரப்பான குரலில், என்னிடம் அதைச் சொன்னாள்.

“பாப்பா, எங்க கம்பெனில மோட்டாருக்கும் மிசினுக்கும் நடுவுல ஒரு பின்னு போட்டுகிறாங்க. வேணும்னே லேசாப் போடுவாங்க. மிசினு எதுனா சிக்கிக்கினா அந்தப் பின்னு ஒடஞ்சிடும், மிசினு பொழச்சிக்கும். பின்னு ஒடையலன்னா உள்ள கீற பல்லுச் சக்கரம் அத்தினியும் காலி. என் கழுத்துல எல்லாமே கெட்டியாப் போட்டு வெச்சிட்டோம். ஒடயறதுக்குன்னு ஒண்ணுமே இல்ல. அதான் நான் ஒடஞ்சேன்.”

நாங்கள் இருவரும் பூந்தமல்லிக்குப் போனோம். கெட்டிச் சங்கிலி அப்படியே இருக்கட்டும், கொக்கிக்குப் பக்கத்தில் மட்டும் மெல்லிய கம்பியில் ஒரு வளையம் வேண்டும், பலமாக இழுத்தால் அது விட்டுவிட வேண்டும் என்று அண்ணி கேட்டாள். பாய் உடனே மறுத்தார். அவர் சொன்ன காரணமும் நியாயமானது. மெல்லிய வளையம் சீக்கிரம் தேயும். ஒரு நாள் தானாக விட்டு, சங்கிலி எங்கே விழுந்தது என்றே தெரியாமல் போகும். “செய்ய முடியாதுன்னு இல்லம்மா,” என்றார். “எங்க மார்க்கம் வேற. ஆனா தாலி தாலிதான். அறுந்து போறாப்ல நான் செஞ்சு குடுத்தேன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. உங்க அத்தை வந்து சொல்லட்டும், செய்றேன்.”

அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது? அண்ணன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “உன் இஷ்டம்” என்று சொல்லிச் செய்தித்தாளை விரித்துக்கொண்டான். அண்ணியே அம்மாவிடம் நேராகப் போய்ச் சொன்னாள். இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின. பிறகு ஒரு காலையில் அம்மா குளித்து, புடவை மாற்றிக்கொண்டு, “வா, போலாம்” என்று அண்ணியை அழைத்தாள். நானும் கூடப் போனேன். பேருந்தில் வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் அதை ஓயாமல் நெரித்துக்கொண்டிருந்தன.

கடையில் பாய் சங்கிலியைத் துணிமேல் விரித்து வைத்தார். அம்மா அதைத் தொடவில்லை.

“இழுத்தா விட்டுடும்னா, தாலியும் சேந்துதானே போகும்?” என்று அண்ணியிடம் கேட்டாள்.

“ஆமா அத்தே.”

“எவனோ ஒருத்தன் கையில?”

“அவன் கையிலயே போவட்டும் அத்தே. நான் ஊட்டுக்கு வருவேன்ல?”

அம்மா அண்ணியின் கழுத்தைப் பார்த்தாள். காயம் ஆறி, தழும்பு இன்னும் சிவந்திருந்தது. அதைத் தினமும் துடைத்தவள் அவள்தான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, பாய் பக்கம் திரும்பி, “போடுங்க பாய். நான் சொல்றேன், போடுங்க” என்றாள்.

வருடத்துக்கு ஒரு முறை வந்து அந்த வளையத்தை மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்பது பாயின் நிபந்தனை. அண்ணி மறந்தாலும் அம்மா மறக்க மாட்டாள். தான் இருந்தவரை ஒவ்வொரு வருடமும் மருமகளை அவளே இழுத்துக்கொண்டு போனாள். அம்மா போன பிறகு நான் கூடப் போனேன்.

அப்படிப் பல வருடம் ஓடிய பிறகு, இந்த இரண்டு மூன்று வருடத்துக்குள்தான், அது மறுபடியும் நடந்தது. காலையில் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பின்னாலிருந்து ஒரு பைக். ஒரு வெடுக்கென்ற இழுப்பு, அவ்வளவுதான் என்றாள் அண்ணி. ஓரடி முன்னால் தள்ளாடினாள், விழவில்லை. கையில் கீரைக்கட்டு அப்படியே இருந்தது. வீட்டுக்கு நடந்து வந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் அண்ணனிடம் சொன்னாளாம். செய்தி கேட்டு நான் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிடரியில் மெல்லிய சிவப்புக் கீறல் ஒன்று. அதற்கு மேல் எதுவும் இல்லை. புகார் எழுதப் போன இடத்தில் ஒரு பெண் காவலர், “நல்லவேளை, மெல்லிசு செயின் போல” என்று சொன்னாராம். அண்ணி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சாயங்காலம் அவள் சத்தம் வரவில்லை என்று தேடிப் போனேன். உள்ளறையில் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். “போவட்டும்னுதானே செஞ்சது, பாப்பா. அத்தைய வேற கூட்டினு போயி சொல்ல வெச்சேன். ஆனா மெய்யாலுமே போயிடிச்சே. எம்பொண்ணு புடிச்சித் தொங்கின செயினு.” பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் அண்ணன், அடுப்படியில் எரிந்துகொண்டிருந்த அடுப்பை அணைப்பதா வேண்டாமா என்று கேட்டுக் குரல் கொடுத்தான்.

சங்கிலி கிடைக்கவில்லை. இப்போது அவள் கழுத்தில் மெல்லியதாக ஒன்று இருக்கிறது, அதிலும் அந்த வளையத்தோடு. பாயின் மகன்தான் போட்டுத் தந்தான், கேள்வி எதுவும் கேட்காமல். எனக்கும் ஒன்று போட்டுக்கொண்டேன். ஆனால் எனக்கு அது போதவில்லை. புடவைத் தலைப்பைக் கழுத்தோடு சுற்றிக்கொள்கிறேன், சாலையின் உள்பக்கமாக நடக்கிறேன், அப்படியும் பயம் அடங்க மாட்டேன் என்கிறது. இழுபட்டது அவள், பார்த்தது நான். பார்த்ததற்கு எந்த வளையம் போடுவது என்று எந்தக் கடையிலும் கேட்க முடியவில்லை.

போன வாரம் மேனாம்பேட்டில் இருவரும் கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னால் ஒரு பைக் சத்தம். நான் சட்டென்று சுவரோரம் ஒதுங்கி, அண்ணியின் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். யாரோ ஒருவர் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அண்ணி என் பிடியிலிருந்து மெதுவாகத் தோளை விடுவித்துக்கொண்டு, பையைக் கை மாற்றிக்கொண்டு, நடக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

“வண்டி போயிடுச்சு பாப்பா. நீ இன்னும் நின்னுகினு கீறியே, வா.”