ஓட்டை போடாத நீலத் தோங்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு, காஹாங்கில் ஒரு வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே என் மகள், பேனாவும் கேள்வித்தாளுமாக. அவள் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டது சாதாரணக் கேள்விதான்.

“இந்தத் தண்ணித் தோங் எங்க வாங்குனீங்க, அத்தை?”

பதில் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால்... பதில் நான்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பயங்கள் பழகிப்போனவை. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். கொதித்த தண்ணீரை இன்னொரு தடவை கொதிக்க வைப்பேன். மகள் தர்ஷினி பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் மாதம், தினமும் போன் செய்தேன். சாப்பிட்டாயா என்று கேட்க அல்ல — கேன்டீனில் சாப்பாட்டை மூடி வைத்திருந்தார்களா என்று கேட்க.

அவள் எடுத்திருக்கும் படிப்பு, சுற்றுச்சூழல் சுகாதாரம். சொந்தக்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டாக்டரா என்றார்கள். இல்லை. நர்ஸா? இல்லை. அப்புறம் என்ன, குப்பை லோரியா என்றார் ஒருவர். நானே படிவம் இரண்டோடு, அதாவது எட்டாவது வருஷத்தோடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு எங்கே விளக்கத் தெரியும்?

தர்ஷினிதான் ஒருநாள் சொன்னாள். “நோய் வந்த பிறகு பார்க்கிறவங்க டாக்டர். வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பார்க்கிறவங்க நாங்க.”

எனக்குச் சட்டென்று பெருமையாகிவிட்டது. வருவதற்கு முன்பே பயப்படுவதா? அதைத்தானே நான் நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்! அதற்கு ஒரு பட்டம் கொடுக்கிறார்கள் என்றால் எனக்கு எப்போதோ கொடுத்திருக்க வேண்டும்.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்புவரை.

இறுதியாண்டு ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் இது: எஸ்டேட் தோட்டங்களை விட்டு வெளியே வந்த குடும்பங்கள், வீட்டில் தண்ணீரை எதில், எப்படிச் சேர்த்து வைக்கின்றன? வீடு வீடாகப் போய்க் கேட்க வேண்டும். முன்பின் தெரியாத பெண்ணை யார் சமையலறை வரைக்கும் விடுவார்கள்? ஆகவே பழைய தோட்டத்து முகம் ஒன்று தேவைப்பட்டது. காருக்கு ஒரு டிரைவரும் வேண்டியிருந்தது. இரண்டும் நானே.

முதல் வீடாக மாரியம்மாக்கா வீட்டை நான்தான் சொன்னேன். காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து லயத்து வீட்டில் இருந்தவர்கள். அக்கா மருந்தடிக்கிற கும்பலில் இருந்தார். நான் ஸ்டோரில் வேலை பார்த்தேன். இப்போது அவர் மகன் வாங்கிய தாமான் குடியிருப்பு வீட்டில் இருக்கிறார். வாரம் மூன்று நாள் குளுவாங்குக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன.

வாசலில் எங்களைப் பார்த்ததும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். தர்ஷினியின் கன்னத்தைக் கிள்ளினார். நான் இளைத்துவிட்டேன் என்றார், கவலைப்பட்டே கரைகிற ஆள் என்று அவளிடம் புகாரும் சொன்னார். கோப்பி வந்தது. தர்ஷினி மலாய்க் கேள்வித்தாளைப் பார்த்துத் தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கொதிக்க வைப்பீர்களா, மழைத்தண்ணீர் பிடிப்பீர்களா...

மழைத்தண்ணீர்தான் அரிசி கழுவ, முகம் கழுவ என்றார் அக்கா. பின்கதவைத் திறந்து காட்டினார்.

கூரைத் தண்ணீர் விழுகிற இடத்தில் நின்றது அது. இடுப்பு உயரத்துக்கு நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் — எங்கள் ஊர்ப் பேச்சில் தோங். பக்கவாட்டில் ஒரு நீள்சதுரம் மட்டும் வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தது. லேபிளைக் கத்தியால் சுரண்டிய தடம். சுரண்டிய கை என் கை.

அப்போதுதான் தர்ஷினி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“எங்க வாங்குறது? உங்கப்பா கொடுத்ததுதான் பாப்பா. ஸ்டோர்ல எல்லாத் தோங்கையும் அடியில ஓட்டை போட்டுல்ல தூக்கிப் போடுவாங்க. தங்கமான மனுஷன், எனக்காக ஓட்டை போடாம எடுத்து வச்சுக் கொடுத்தாரு.”

தர்ஷினியின் பேனா நின்றது. தலையை நிமிர்த்தாமல் அடுத்த கேள்வியைக் கேட்டாள். முன்பு அதில் என்ன இருந்தது?

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“ஏதோ சோப்புத் தண்ணிம்மா,” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள்.

திரும்பும்போது குளுவாங்கில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் கண்ணாடிப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். “ஸ்டோர்ல சோப்புத் தண்ணித் தோங்குக்கு எதுக்குப்பா ஓட்டை போடணும்?”

விளக்கு பச்சையாகிறதா என்று பார்த்தேன்.

“நீங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேன். அது பொய்ன்னா என் சர்வேயும் பொய்.”

சொன்னேன். விளக்கு பச்சையாகி, பின்னால் ஹார்ன் அடித்து, ஓரமாக ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி... எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தத் தோங்கில் வந்தது புல்லைக் கொல்கிற மருந்து. காலியானதும் மூன்று தடவை அலச வேண்டும், அலசிய தண்ணீரை மருந்தோடு ஊற்றிவிட வேண்டும், பிறகு கடப்பாரையால் அடியில் ஓட்டை போட வேண்டும். தோட்டத்துக் கணக்கர், எங்கள் கிராணி, முதல் நாளே சொல்லிக்கொடுத்த வேலை. ஆனால் அந்தக் காலத்தில் தோட்டத்துப் பம்பு அடிக்கடி படுத்துக்கொள்ளும். தண்ணீர் லோரி வரும்போது ஜனங்கள் சட்டி, வாளி, பால்டின் என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மாரியம்மாக்காவுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள். இரண்டே வாளி. ஒரு தோங் இருந்தால் நன்றாயிருக்கும் தம்பி என்றார். நல்ல தோங்கை ஓட்டை போடுவதற்கு எனக்கும் மனசு வரவில்லை.

சும்மா கொடுக்கவில்லை. நான் யார்? பயந்தவன் அல்லவா! மூன்று தடவைக்குப் பதில் ஏழு தடவை கழுவினேன். சோப்பு போட்டு, தேங்காய் நார் போட்டு, வெயிலில் காயப்போட்டு, மோந்து பார்த்து மறுபடியும் கழுவினேன். லேபிளையும் சுரண்டினேன், பார்த்துப் பயப்படப் போகிறார்கள் என்று.

இந்த இடத்தில் ஓர் உண்மையை எழுதியாக வேண்டும். லேபிளில் இருந்த ஆங்கிலம் எனக்குப் படிக்கத் தெரியாது. அதைக் காரணமாகச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் லேபிளில் ஒரு மண்டை ஓடும் இருந்தது. மண்டை ஓட்டைப் படிக்கப் படிவம் மூன்று தேவையா?

“கழுவினா போயிடும்னு நினைச்சேம்மா,” என்றேன்.

பிளாஸ்டிக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும், எத்தனை தடவை கழுவினாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாது, அதற்காகத்தான் அந்த ஓட்டை என்று சொன்னாள். கழுவுவது மருந்துக்காக. ஓட்டை, என்னைப் போன்ற நல்ல மனுஷர்களுக்காக. இரண்டாவது வாக்கியத்தை அவள் சொல்லவில்லை. நானாகப் புரிந்துகொண்டேன்.

கேட்கப் பயந்ததைக் கேட்டேன். அக்காவின் சிறுநீரகம் போனதற்கு நான்தான் காரணமா?

அவள் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் எத்தனை பொய்களை அவளுக்குச் சின்ன வயதில் சொல்லித் தூங்க வைத்திருக்கிறேன்! ஒன்றைத் திருப்பித் தந்திருக்கலாம்.

“தெரியலப்பா. அத்தைக்கு ரொம்ப வருஷமா இனிப்பு நீர். பிரஷரும் இருக்கு. கும்பல்ல மருந்தும் அடிச்சிருக்காங்க. ஒரே ஒருத்தரை வச்சு, இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது.”

பிறகு, “காரைத் திருப்புங்கப்பா,” என்றாள்.

குளுவாங்கில் ஒரு கடையில் குடிநீர் வைக்கிற புதுத் தோங் ஒன்று, மூடியோடு வாங்கினோம். பின்சீட்டில் அதை வைத்துக்கொண்டு காஹாங் திரும்பிய அரை மணி நேரம்... என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் கார் ஓட்டியதில்லை. எனக்கு அதுவரை வந்த பயமெல்லாம் எனக்கோ என் வீட்டுக்கோ ஏதாவது ஆகிவிடுமோ என்கிற பயம். என்னால் ஒருவருக்கு ஆகியிருக்குமோ என்பது புதுப் பயம். அதற்கு இழுத்துப் பார்க்கப் பூட்டு இல்லை.

அக்கா வாசலிலேயே நின்றார். எதையாவது மறந்துவிட்டுப் போனீர்களா என்றார். ஆமாம் அக்கா, சொல்ல மறந்துவிட்டேன் என்று ஆரம்பித்தேன். தோங்கில் என்ன இருந்தது என்பதையும், மத்தியானம் பொய் சொன்னதையும் நின்றபடியே சொல்லி முடித்தேன். தர்ஷினி எனக்கு உதவவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான்.

அக்கா தன் இடது கையைத் தடவினார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கை. பிறகு என்னை விட்டுவிட்டு என் மகளிடம் கேட்டார்.

“அதனாலதானா பாப்பா?”

“தெரியல அத்தை. எதைச் சொன்னாலும் பொய்யாயிடும்.”

“டாக்டரும் தெரியலன்றாரு, நீயும் தெரியலன்ற. ம்... படிச்சவங்க எல்லாம் ஒரே மாதிரிதான் லா.” என் பக்கம் திரும்பினார். “நான் தின்ன இனிப்புக் குயேவுக்குக் கணக்கே இல்ல தம்பி. பாதிப் பழி எனக்கு, பாதி உனக்கு. சரியா?”

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை.

உள்ளே போகத் திரும்பியவர் நின்று, “ஆனா ஒண்ணு. நீ அன்னிக்கு ஓட்டை போட்டிருந்தா, என் பிள்ளைங்களுக்கு நான் எதுல தண்ணி புடிச்சிருப்பேன்?” என்றார்.

மன்னிப்பா அது, கேள்வியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தில் பம்பு ஒழுங்காக ஓடியிருந்தால் என் நல்ல மனசுக்கு வேலையே இருந்திருக்காது என்பது மட்டும் தெரிகிறது. அக்கா கேட்டதைத் தர்ஷினி தன் கேள்வித்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். ‘சோப்புத் தண்ணி’யை அடித்துவிட்டு மேலே சரியானதையும் எழுதினாள். பெயர் போட மாட்டார்களாம், வீட்டுக்கு ஓர் எண்தான். ஒரு வினாடி எனக்கு நிம்மதி வந்தது. வந்ததற்காக வெட்கமும் வந்தது.

பழைய தோங்கை நாங்கள் காரில் ஏற்றிக்கொண்டு வந்தோம். பத்து பாகாட்டில் எங்கள் வீட்டுப் பின்னால் அதைக் கவிழ்த்து வைத்து, கடப்பாரையை அடியில் ஊன்றிச் சுத்தியலால் அடித்தேன். பிளாஸ்டிக் இறுகிப்போயிருந்தது. ஐந்தாவது அடியில்தான் உடைந்தது. பதினெட்டு வருஷம் தள்ளிப்போட்ட வேலை. செய்து முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று தர்ஷினி விசாரித்துக் கொடுத்தாள். கையுறை போடச் சொன்னாள். போட்டேன்.

எனக்கும் அவள் படிப்புக்கும் உள்ள வித்தியாசம் இப்போது கொஞ்சம் விளங்குகிறது. நான் இரண்டாவது தடவை தண்ணீரைக் கொதிக்க வைக்கிறவன். அவள், தண்ணீர் எதிலிருந்து வந்தது என்று கேட்கிறவள். கேட்டுவிட்டு, கிடைக்கிற பதில் பெற்ற அப்பனாகவே இருந்தாலும் எழுதிக்கொள்கிறவள்.

கவலைப்படுவது சுலபம். நம்புங்கள், அதில் நான் பட்டம் வாங்காத பேராசிரியர்.

நான் கொடுத்தது ஒரு தோங் அல்ல. பதினொன்று. எல்லோரும் கேட்டார்கள், எல்லோருக்கும் கழுவிக் கழுவிக் கொடுத்தேன். தோட்டம் கலைந்ததும் சாஆ, குளுவாங், ஜொகூர் பாரு என்று ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். தோங்கையும் தூக்கிக்கொண்டுதான் போயிருப்பார்கள், நல்ல தோங் ஆயிற்றே. இதுவரை நான்கு வீட்டைக் கண்டுபிடித்துப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதுவும் நியாயம்தான். மீதி ஏழு வீடு எங்கே என்று தெரியவில்லை.

அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பின்னால் நீலத் தோங் ஒன்று இருந்தால், இன்றைக்கே போய்ப் பாருங்கள். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் அதில் தண்ணீர் பிடிக்காதீர்கள். பக்கவாட்டில் லேபிளைச் சுரண்டிய தடம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்...

கடப்பாரையோடு நான் வருகிறேன்.