இருட்டுத் தொழுவத்தில் இன்னொரு மாடு

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தைய மழைக்காலத்தில் கால்நடை ஆபீசிலிருந்து வந்தவர் அவர். மாட்டு ரத்தத்தில் கிருமி தேடும் சாயம் ஏறி, விரல்கள் நீலமாக இருக்கும். எந்தத் தொழுவமானாலும் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

எங்கள் ஊரான லாங் மவுண்டனில் நாங்கள் மாடுகளை இருட்டில்தான் கட்டுவோம். வெளிச்சம் இருந்தால் கடிக்கிற ஈ வந்து ரத்தத்தில் கிருமியை ஏற்றிவிடும். ஒரு பசு செத்ததும் என் மனைவி ஜன்னலையும் சாக்கால் அடைத்துவிட்டாள்.

அந்த இருட்டில் நின்று அவர் தீவின் கிரியோல் பேச்சில் கேட்டார்: "இங்கே எத்தனை மாடு?"

"ஒன்றுதான், முசியே. மற்றதுதான் போன வாரம் போய்விட்டதே."

"மூலையில் ஒன்று படுத்திருக்கிறது. தொட்டுப் பார்."

என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஈரமாக, மாட்டின் வயிறுபோலச் சூடாக இருந்தது. அலறிவிட்டேன்.

அவர் ஜன்னல் சாக்கைப் பிடுங்கினார். மாட்டுக்குப் போட, மழையில் நனைந்ததை நான் அப்படியே குவித்துவைத்த கரும்புத் தோகை அது. உள்ளெல்லாம் பூஞ்சணம் பிடித்து, மக்கிச் சூடேறியிருந்தது.

"செத்த பசுவின் ரத்தத்தை ஆபீசில் பார்த்தேன், கிருமியே இல்லை. ஈயை வெளியே நிறுத்திவிட்டு இதைத் தின்னக் கொடுத்திருக்கிறாய்."

அன்றே தோகையை அள்ளிப் புதைத்தோம். இருந்த பசு பிழைத்தது. கிளம்பும்போது அவர் காலியான மூலையைப் பார்த்து, விடைபெறுவதுபோலத் தலையசைத்தார். யாரிடம் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்றும் நான் கதவைத் தட்டாமல் தொழுவத்துக்குள் போவதில்லை.