இறங்காத பலகை

என் படகின் வயிற்றில் ஒரு பிளவு உண்டு. அதன் வழியே சென்டர்போர்டு என்ற பலகையைத் தண்ணீருக்குள் இறக்குவோம். அது இறங்காவிட்டால் பாய் பிடித்த காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும். அன்று கிள்ளான் கரையில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

முதலில் சேற்றைச் சந்தேகப்பட்டேன். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினேன். கயிறு, ஆணி எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. பிறகு என் தம்பிமேல் சந்தேகம் வந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான் இந்தப் பழைய படகை வாங்கிய நாளிலிருந்தே விற்கச் சொல்லி அரித்துக்கொண்டிருந்தவன். படகுப் பக்கமே வராதவன், போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து தானாக வந்து கழுவிக் கொடுத்தானே! எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

போன் போட்டு வரவழைத்தேன். வந்ததும் வராததுமாக, "வித்துடலாம்க்கா. காஜாங்ல ஒரு ஆளு கேக்குறாரு லா" என்றான்.

"மொதல்ல பிடி."

இருவரும் படகைப் பழைய டயர்கள்மேல் சாய்த்தோம். டார்ச் அடித்து, வளைத்த கம்பியைப் பிளவுக்குள் விட்டேன். அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கம்பியில் ஏதோ சிக்கியது. இழுத்தேன். உப்புத் தண்ணீரில் ஊறி உப்பிய மஞ்சள் துணி. உள்ளே காசு வைத்து முடிச்சுப் போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் யாருக்காவது ஆபத்து என்றால் இப்படி வேண்டிக்கொண்டு காசு முடிந்து வைப்போம். ஆனால் வைப்பது சாமி படத்தருகில்.

"இத ஏன்டா இங்க சொருவுன?"

"நீ தனியா கடலுக்குப் போற. உன்கூடவே இருக்கட்டும்னு வச்சேன். கண்ணுல பட்டா தூக்கிப் போட்டுடுவ. அன்னைக்குப் படகுல வைக்கச் சொல்லிக் குடுத்த எலுமிச்சம்பழத்த வீசுனல்ல?"

"பலகை எறங்கலன்னா என்ன ஆகும் தெரியுமா? என்னைக் காப்பாத்துறேன்னு நீயே முழுகடிச்சிருப்ப!"

அவன் முகம் வெளுத்துவிட்டது. திட்ட வந்த எனக்கு அழுகை வந்தது. துணியை லைஃப் ஜாக்கெட் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தேன். பலகை தடையில்லாமல் இறங்கியது.

"முடிச்ச அவுத்துடாதக்கா. நீ நல்லபடியா திரும்பினதும் பத்துமலைக் கோயில் உண்டியல்ல போடணும்."

"அப்ப அடுத்த தடவ போறப்ப?"

"புதுசா முடியிறேன்" என்றான். போனை எடுத்தபடியே, "காஜாங் ஆளுக்கு வேணாம்னு சொல்லிடவா?" என்று கேட்டான்.